ஐந்து சென்டிமீட்டர் குறைந்த செடி

அந்தப் பருவம் முழுக்க மூன்றாம் வகுப்புக்கு அளவுப் பைத்தியம் பிடித்திருந்தது. பாடத்திட்டத்தில் என்னவோ 'நீளம், எடை, கொள்ளளவு' என்று மூன்றே வார்த்தைதான் போட்டிருந்தார்கள். டீச்சர்தான் அதைப் பிடித்து இழுத்து ஒரு பருவத்துக்கு நீட்டிவிட்டார். இருபத்தேழு பிள்ளைகளும் ஸ்கேலும் கையுமாக அலைந்தார்கள். பெஞ்சை அளந்தார்கள், வராந்தாவை அளந்தார்கள், ஒருவன் மூக்கை இன்னொருவன் அளந்தான். வாட்ச்மேனின் மீசை எட்டு சென்டிமீட்டர் என்பது பள்ளிக்கூடத்துக்கே தெரிந்த விஷயமாகிவிட்டது. மனிதர் அதற்கப்புறம் அதில் கத்திரி வைக்கவே இல்லை.

உள்ளே அளக்க ஒன்றும் மிச்சமில்லை என்றானதும் வெளியே கிளம்பினார்கள். இரண்டிரண்டு பேராகக் கைகோத்துக்கொண்டு தபால் ஆபீசுக்குப் போய், ஆளுக்கொரு ஷூவைக் கழற்றித் தராசில் வைத்து எடை பார்த்துவிட்டு வந்தார்கள். ஒரு தச்சர் வகுப்புக்கே வந்து, எல்லாவற்றையும் அளந்து காட்டி, கடைசியில் வகுப்புக் கதவு ஒரு விரல் கோணல் என்று கண்டுபிடித்தார். கண்டுபிடித்ததோடு சரி, அதை நிமிர்த்திவிட்டுப் போகவேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. சுகாதார நிலையத்து நர்ஸ் எல்லாருக்கும் உயரமும் எடையும் பார்த்துவிட்டு, "எங்க ஹால் சுவரு சும்மாதான் கெடக்கு டீச்சர். பருவம் முடியறப்போ உங்க பசங்க வரையறதெல்லாம் கொண்டுவந்து ஒட்டுங்க. வாசல்ல மண்ணும் சும்மாதான் இருக்கு, செடி வெச்சாலும் சந்தோஷம்" என்றார்.

செடி என்றதும் டீச்சருக்குக் கை பரபரத்தது. ஆளுக்கொரு தயிர் டப்பா, அதில் மண், அதில் ஓர் அவரை விதை. டப்பாவில் பெயர்ச்சீட்டு. திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் செடியை அளந்து நோட்டில் எழுதவேண்டும். கடைசியில் அதை வரைபடமாக வரைந்து சுகாதார நிலையத்துச் சுவரில் ஒட்டவேண்டும், செடியை அதன் வாசலில் நடவேண்டும். திட்டம் என்றால் இதல்லவா திட்டம்.

இந்த இருபத்தேழு பேரில் ஒருத்தியைப் பற்றித்தான் கதை. எட்டு வயது. அவளுக்கு வகுப்பு வைத்திருந்த பெயர் 'ரப்பர்'. எதை எழுதினாலும் அழிப்பாள். ஏழும் ஐந்தும் பன்னிரண்டு என்று சரியாக எழுதிவிட்டு, பக்கத்தில் இருப்பவள் முகத்தைப் பார்த்துவிட்டு, அழித்துவிட்டு, பதின்மூன்று என்று எழுதுவாள். அதையும் அழிப்பாள். தாள் நைந்து ஓட்டை விழும்வரை விடமாட்டாள். போன வருஷத்து டீச்சர், "தெரியுது, ஆனா தெரியும்னு அவளுக்குத் தெரியல" என்று எழுதிக் கொடுத்திருந்தார்.

அப்படிப்பட்டவள் கையில் ஸ்கேல் வந்ததும் ஆளே மாறிப்போனாள். அவள் அம்மா பள்ளிக்கூடத்துக்கு எதிர்த்தெருவில் தையல் கடை வைத்திருப்பவர். பிறந்ததிலிருந்து டேப்போடு வளர்ந்த பிள்ளை. ஸ்கேலின் ஓரம் வேறு, பூஜ்யம் இருக்கும் கோடு வேறு, கோட்டிலிருந்துதான் அளக்கவேண்டும் என்று வகுப்பில் முதன்முதலில் சொன்னவளே அவள்தான். அதுவும் கையைத் தூக்கி, எழுந்து நின்று. டீச்சருக்கு உள்ளுக்குள் குளிர்ந்துபோயிற்று. அவள் நோட்டில் செடிக்கணக்கு இரண்டு, நான்கு, ஏழு, பத்து, பன்னிரண்டு, பதினான்கு என்று அடித்தல் திருத்தல் இல்லாமல் நின்றது. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் டீச்சர் சிவப்பு மையில் ஒரு டிக் போட்டார். இவள் இப்படியே போனால் போதும், கரை ஏறிவிடுவாள் என்று வீட்டில் கணவரிடம்கூடச் சொன்னார். அவர் டிவியைப் பார்த்தபடி, "யாரு" என்று கேட்டார், அது வேறு விஷயம்.

இப்போது ஒரு ரகசியம் சொல்லவேண்டும். சின்ன வகுப்பில் விதை போடுகிற டீச்சர்கள் பலருக்கும் தெரிந்த ரகசியம். இருபத்தேழு பிள்ளைகள் என்றால் முப்பத்திரண்டு டப்பாவில் விதை போடுவார்கள். மிச்சம் ஐந்தும் ஸ்டோர் ரூம் ஜன்னலில், பழைய சார்ட்டுகளுக்குப் பின்னால் வளரும். யாருடைய செடியாவது செத்தால், மணி அடிப்பதற்கு முன்னால் வந்து பெயர்ச்சீட்டைக் கழற்றி ஸ்பேர் டப்பாவில் ஒட்டிவிடவேண்டியது. பிள்ளை அழாது, அம்மா அப்பா கேட்கமாட்டார்கள், செடியும் வாயைத் திறக்காது. நம் டீச்சருக்கு இதைக் கற்றுக்கொடுத்தவர் பக்கத்து வகுப்பு விசில் டீச்சர். விளையாட்டு பீரியடையும் அவர்தான் பார்த்துக்கொள்வார், அதனால் அந்தப் பெயர். பதினோரு வருஷமாக நடக்கிறது. ஒரு குஞ்சுக்கும் தெரியாது.

மூன்றாவது வாரம் திங்கட்கிழமை காலை ஏழரை மணிக்கு டீச்சர் வகுப்பைத் திறந்தார். ஜன்னலோரத்தில் இருபத்தாறு செடி நிமிர்ந்து நின்றன, ஒன்று மட்டும் அடித்தண்டு அழுகிப் படுத்துக் கிடந்தது. வெள்ளிக்கிழமை யாரோ ஆசை தாங்காமல் அதற்கு ஒரு சொம்புத் தண்ணீரைக் கொட்டியிருக்கவேண்டும். பெயர்ச்சீட்டைப் பார்த்தார். ரப்பருடையது.

"ஐயோ, இவளோடதா போகணும்" என்று வாய்விட்டே சொன்னார். நேரே ஸ்டோர் ரூமுக்குப் போய் ஒரு ஸ்பேரை எடுத்துவந்து, சீட்டை மாற்றி ஒட்டி, செத்ததை மண்ணோடு குப்பைக்கூடையில் போட்டுவிட்டுக் கையைக் கழுவினார். ஒரு பிள்ளையின் கண்ணீரைத் துடைத்த திருப்தி வேறு. ஸ்பேர் விதையை ஒரு வாரம் கழித்துப் போட்டது அவருக்கு நினைவில்லை. இந்த வருஷம்தான் பிள்ளைகள் கையில் ஸ்கேலைக் கொடுத்திருக்கிறோம் என்பதும் மூளைக்கு எட்டவில்லை.

பத்தரை மணிக்கு ரப்பர் செடியை அளந்தாள். இன்னொரு தடவை அளந்தாள். ஸ்கேலைத் துடைத்துவிட்டு மூன்றாவது தடவை அளந்தாள். பிறகு டீச்சர் மேஜைக்கு வந்தாள்.

"டீச்சர், ஒம்பதுதான் வருது. வெள்ளிக்கிழம பதினாலு இருந்துச்சு."

அந்த நேரம் பார்த்து இரண்டு பேர் ஒரு பென்சிலுக்கு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள், ஒருவன் மூக்கில் ரத்தம் வருகிறது என்று அழுதுகொண்டிருந்தான், வரவில்லை. ஒரு நொடி, ஒரே நொடி, உண்மையைச் சொல்லிவிடலாம் என்று டீச்சர் வாயைத் திறந்தார். திறந்த வாய் வேறு எதையோ சொல்லிற்று.

"செடி எங்கயாவது குறையுமா கண்ணு? போன வாரமெல்லாம் நீ தப்பா அளந்திருப்பே. போ, போய் உக்காரு."

ரப்பர் கையிலிருந்த ஸ்கேலைப் பார்த்தாள். "சரி டீச்சர்" என்றாள். போய்விட்டாள்.

சாப்பாட்டு இடைவேளையில் டீச்சர் நோட்டுகளைத் திருத்த உட்கார்ந்தார். ரப்பரின் நோட்டைத் திறந்தவர் கை அப்படியே நின்றுவிட்டது. இரண்டு, நான்கு, ஏழு, பத்து, பன்னிரண்டு, பதினான்கு, ஒன்றுவிடாமல் அழிக்கப்பட்டிருந்தன. அந்த இடத்தில் ஒன்று, இரண்டு, நான்கு, ஐந்து, ஆறு, எட்டு என்று எழுதி, கடைசியில் ஒன்பது. ஒன்பதுக்கு ஒழுங்காக ஏறிவருகிற மாதிரி ஒரு கணக்கைப் பிள்ளை தானே ஜோடித்திருந்தது. பதினான்கு இருந்த இடத்தில் தாள் கிழிந்திருந்தது. சிவப்பு மை டிக் மட்டும் அழியாமல், இந்தப் பொய்க் கணக்கு ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் நின்றது. டீச்சர் நோட்டை மூடிவைத்தார்.

நாளைக்குச் சரியாகிவிடும் என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டார். நாளையும் வந்தது, நாளன்றைக்கும் வந்தது. புதன்கிழமை அளக்கிற நேரத்தில் ரப்பர் ஸ்கேலைத் தொடவே இல்லை. பக்கத்தில் இருந்தவளிடம், "உனக்கு எவ்ளோ?" என்று கேட்டாள். அவள் பதினேழு என்றாள். இவளும் பதினேழு என்று எழுதிவிட்டு நோட்டை மூடினாள். டீச்சர் அதைப் பார்த்தார், பார்க்காத மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வியாழக்கிழமை சாயங்காலம் கேட் வாசலில் தையல்கார அம்மா காத்துக்கொண்டிருந்தார். கழுத்தில் டேப் தொங்கிற்று, கழற்ற மறந்திருக்கிறார்.

"டீச்சர், ஒரு நிமிஷம். சண்டைக்கு வரல, பயந்துக்காதீங்க."

"ஐயோ, என்னம்மா இது. சொல்லுங்க."

"வீட்ல இவ டேப்ப தொட மாட்டேங்கறா. போன மாசம் பூரா கடைல எனக்கு வலது கையே அவதான். நான் அளவெடுக்க எடுக்க நோட்ல எழுதுவா, சில நேரம் அவளே எடுப்பா. எனக்கே மாத்தி வந்ததுண்டு, அவளுக்கு வராது. இப்போ கூப்பிட்டா, 'எனக்கு அளக்கத் தெரியாதும்மா, டீச்சரே சொல்லிட்டாங்க'ங்கறா."

டீச்சர் கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று அந்த அம்மா தொடர்ந்தார். "அவ எந்த எடத்துல தப்பு பண்றான்னு மட்டும் சொல்லிடுங்க டீச்சர். நான் வீட்ல வெச்சு சொல்லிக் குடுத்துடறேன். எனக்கும் பாத்துப் பாத்துப் புரியல."

திட்டியிருந்தால்கூடத் தேவலை. இப்படி மரியாதையாக வந்து நின்று கேட்டால் மனுஷி என்ன செய்வது. "நான் பாத்துக்கறேம்மா. அவமேல தப்பில்ல. நாளைக்கு நானே அவகிட்ட பேசறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு, செருப்பு தடுக்கத் தடுக்க டீச்சர்கள் அறைக்குத் திரும்பினார்.

விசில் டீச்சர் அங்கே கால் நீட்டி உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். நடந்ததை எல்லாம் இவர் கொட்டித் தீர்த்தார்.

"இவ்ளோதானா? நான்கூட யாரோ மாடிப்படில விழுந்துட்டாங்களோன்னு பாத்தேன்" என்றார் விசில் டீச்சர். "ஸ்கேல் மேல பழியப் போடுங்க. பழைய ஸ்கேலு, கோடெல்லாம் தேஞ்சு போச்சு, அதான் தப்பா காட்டிருக்குன்னு சொல்லிப் புதுசு ஒண்ணு குடுத்துடுங்க. புள்ளையும் சந்தோஷப்படும், உங்களுக்கும் தல தப்பும்."

"அது இன்னொரு பொய் இல்லையா?"

"சின்னப் பொய்தானே. நீங்க பாட்டுக்கு வகுப்புல போய் 'நான் செடிய மாத்தினேன்'னு நின்னா, இருபத்தேழும் வீட்ல போய்ச் சொல்லும். அடுத்த சனிக்கிழம படம் ஒட்டற அன்னிக்கு ஊரே அந்த நர்ஸ் ஹால்ல நிக்கும். நம்ம மானத்த நாமளே வாங்கிக்கணுமா?"

சும்மா சொல்லக் கூடாது, நல்ல யோசனைதான். ஸ்கேல் வந்து நியாயம் கேட்காது. டீச்சர் இழுப்பறையைத் திறந்து உறை பிரிக்காத ஒரு புது ஸ்கேலைக்கூட எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார். வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அது பைக்குள் இருந்து முழங்காலில் இடித்தபடியே வந்தது. அந்தப் பிள்ளைக்குத் தன் கண் சரி என்று தெரியவேண்டும். ஸ்கேலைக் குற்றம் சொன்னால் கண்ணும் சேர்ந்துதான் தப்பாகும், இத்தனை நாளும் தப்பான ஸ்கேலை நம்பியது அவள்தானே என்றாகும். மறுநாள் காலை அந்த ஸ்கேலை இழுப்பறையிலேயே திரும்பப் போட்டார்.

வெள்ளிக்கிழமை முதல் பீரியடில் ஸ்டோர் ரூமிலிருந்து மிச்சமிருந்த நான்கு ஸ்பேர் டப்பாக்களையும் தூக்கிவந்து மேஜைமேல் வரிசையாக வைத்தார். பிள்ளைகள் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள்.

"இதெல்லாம் யாரோட செடின்னு கேப்பீங்க. யாரோடதும் இல்ல. உங்க செடி செத்துப்போனா மாத்தி வெக்கறதுக்காக நான் ஒளிச்சு வெச்சிருந்தது. திங்கக்கிழம காலைல ஒரு செடி செத்துப் போயிருந்துது. நான் எடுத்துப் போட்டுட்டு, அந்தச் சீட்ட பிரிச்சு வேற செடில ஒட்டிட்டேன்." ரப்பரைப் பார்த்தார். "உன்னோடதும்மா. நீ போன வாரம் அளந்தது பதினாலு, சரி. திங்கக்கிழம அளந்தது ஒம்பது, அதுவும் சரி. தப்பு உன்மேல இல்ல, என்மேல. உன்கிட்ட நான் பொய் சொல்லிட்டேன்."

பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். டீச்சர் பொய் சொல்வார் என்பது அவர்களுக்குப் புதுச்செய்தி.

பின்பெஞ்சுக்காரன் ஒருவன் மெதுவாகக் கையைத் தூக்கினான். "எங்க அண்ணன் போன வருஷம் இங்கதான் படிச்சான் டீச்சர். அவனோடதையும் மாத்தினீங்களா?"

டீச்சர் யோசித்தார். ஞாபகம் வந்தது. "ஆமாப்பா."

"அவன் அதுக்குப் பேரெல்லாம் வெச்சிருந்தான் டீச்சர்" என்றான் அவன் வருத்தமாக.

அவ்வளவுதான், ஆளாளுக்கு எழுந்து ஜன்னலுக்கு ஓடினார்கள். தன் செடி தன் செடிதானா என்று ஸ்கேலை வைத்து அளந்து, நோட்டோடு ஒப்பிட்டு, ஒரே சந்தை இரைச்சல். ரப்பர் மட்டும் எழுந்திருக்கவில்லை. டீச்சர் அவள் பெஞ்சுக்குப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"தப்பா அளந்திருப்பேன்னு சொன்னீங்களே டீச்சர்" என்றாள் அவள், மேஜையைப் பார்த்தபடி. "அப்போ உங்களுக்குத் தெரியுமா?"

இந்தக் கேள்வி வரும் என்று டீச்சர் எதிர்பார்க்கவில்லை. எதிர்பார்த்திருந்தால் அதற்கும் ஒரு பதிலை ஜோடித்து வைத்திருப்பாரோ என்னவோ.

"தெரியும்மா" என்றார். "தெரிஞ்சுதான் சொன்னேன். ரொம்பத் தப்பு. என்ன மன்னிச்சுக்கோ."

ரப்பர் நோட்டைத் திறந்து, தாள் கிழிந்த இடத்தைப் பார்த்தாள்.

"உன் பழைய அளவெல்லாம் திரும்ப எழுதணும்னா எழுதிக்கலாம். இப்படியே இருக்கட்டும்னாலும் சரி. உன் இஷ்டம்."

"யோசிச்சு சொல்றேன் டீச்சர்" என்றாள்.

அடுத்த வாரம் முழுக்க யோசித்தாள் போலிருக்கிறது. செடிக்குத் தண்ணீர் ஊற்றினாள், சருகு கிள்ளினாள், டீச்சர் பேசினால் பதில் சொன்னாள். ஆனால் திங்கட்கிழமையும் அளக்கவில்லை, புதன்கிழமையும் அளக்கவில்லை. டீச்சர் கேட்கவில்லை. கேட்க என்ன முகம் இருக்கிறது. வரைபடத்தை வீட்டில் வரைந்து எடுத்துவரச் சொல்லியிருந்தார். இந்தப் பிள்ளை வெறுங்கையோடு வந்தால் என்ன செய்வது, அந்தப் பொய்க் கணக்கையே வரைந்து எடுத்துவந்தால் என்ன செய்வது என்று அந்த வாரம் பூரா மனசு அடித்துக்கொண்டது. தான் போட்ட சிவப்பு டிக்குகள் அந்தப் பொய்க் கணக்குக்குச் சாட்சி சொல்லிக்கொண்டிருப்பதை நினைக்கும்போதெல்லாம் நெஞ்சு எரிந்தது.

சனிக்கிழமை காலை சுகாதார நிலையத்து ஹாலில் நாற்காலிகளை ஓரம்கட்டியிருந்தார்கள். வராந்தா அளவு, ஷூ எடை, மீசை அளவு எல்லாம் சுவரில் ஏறியாயிற்று. வாட்ச்மேன் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு வந்து மீசைப் படத்துக்குப் பக்கத்திலேயே நின்றார். அவரைச்செடி வரைபடங்கள் இருபத்தாறு வரிசையாக ஒட்டியிருந்தன. எல்லாம் இடமிருந்து வலமாக ஏறிக்கொண்டே போயின. கடைசியில் ஓர் இடம் காலி. டீச்சர் வாசலையும் அந்தக் காலி இடத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். விசில் டீச்சர், "வந்துடுவா, வந்துடுவா" என்றார், அவருக்கே நம்பிக்கை இல்லாமல்.

பத்தே காலுக்கு அம்மாவும் பெண்ணுமாக வந்தார்கள். துணி வெட்டுவதற்கு முன் அளவு வரைவார்களே, அந்தப் பழுப்புக் காகிதம், ஒரு முழுப் பாவாடைக்கு ஆகும் அகலத்தில். ஆளுக்கொரு முனையைப் பிடித்துச் சுவரில் விரித்து ஒட்டினார்கள். ஒதுக்கிய இடம் போதவில்லை, பக்கத்துப் பையனின் படத்தைப் பாதி மறைத்தது.

டீச்சர் ஒவ்வொரு கோடாகப் பார்த்தார். இரண்டு, நான்கு, ஏழு, பத்து, பன்னிரண்டு, பதினான்கு. அங்கே ஒரு சிலுவைக்குறி. அப்புறம் சடாரென்று இறங்கி ஒன்பது. அதற்கடுத்த நாளுக்குக் கீழே சின்ன எழுத்தில், 'பக்கத்தில் பார்த்து எழுதியது, சேர்க்கவில்லை.' அடுத்த மூன்று கட்டத்திலும் 'அளக்கவில்லை, அளக்கவில்லை, அளக்கவில்லை.' கடைசியாக நேற்றைய தேதிக்கு நேரே பதினெட்டு. நேற்று எப்போது அளந்தாள் என்று டீச்சருக்குத் தெரியவே தெரியாது.

"எல்லாத்தையும் அழிச்சிட்டியேம்மா" என்றார். "இந்த நம்பரெல்லாம் எப்படி ஞாபகம் இருந்துச்சு?"

"நான் அளந்ததுதானே டீச்சர்" என்றாள் அவள்.

நர்ஸ் ஒவ்வொரு படமாகப் பார்த்துக்கொண்டு வந்தவர் இங்கே நின்றார். "என்ன பாப்பா, எல்லாருக்கும் ஏறுது, உனக்கு மட்டும் நடுவுல எறங்கிருக்கு? தப்பா அளந்துட்டியா?"

டீச்சர், "அது வந்து சிஸ்டர்..." என்று ஓர் அடி முன்னால் வந்தார். அதற்குள் ரப்பர் பேச ஆரம்பித்துவிட்டாள், அவளுக்கு இத்தனை சத்தமாகப் பேச வரும் என்பதே வகுப்பில் யாருக்கும் தெரியாது.

"இல்ல, நான் சரியாத்தான் அளந்தேன். இங்க மொத செடி செத்துப்போச்சு. இது வேற செடி. டீச்சர் மாத்தி வெச்சுட்டு எனக்குச் சொல்லல. நான் தப்பா அளந்தேன்னு சொன்னாங்க. அப்புறம் எல்லார் முன்னாடியும் உண்மைய சொல்லிட்டாங்க."

ஹாலில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். விசில் டீச்சர் மேலே ஓடுகிற மின்விசிறியை மிகுந்த அக்கறையோடு பார்த்தார். தையல்கார அம்மா மகளைப் பார்த்தார், டீச்சரைப் பார்த்தார், கழுத்து டேப்பைச் சரிசெய்துகொண்டார்.

நர்ஸ் சிரித்தார். "சரியான ஆளா இருக்கியே. அப்போ இனிமே உங்க டீச்சர் சொல்றத நம்புவியா, மாட்டியா?"

ரப்பர் திரும்பினாள். டீச்சரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நம்புவேன்" என்றாள். "ஆனா ஒரு தடவ அளந்து பாத்துட்டு."

டீச்சருக்குச் சுருக்கென்று தைத்தது. கண்ணும் நிறைந்தது. இந்தப் பதினோரு வருஷத்தில் அவர் எத்தனையோ பேரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறார். இவ்வளவு சந்தோஷமாக ஒரு தடவைகூட வாங்கியதில்லை.

"அப்படியே செய்ம்மா" என்றார்.